ராண்டி பாஸ்: ஹான்ஷின் ரசிகர்கள் சாமியாக்கிய அமெரிக்கர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராண்டி பாஸ் யார்?

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் லாட்டன் என்ற ஊரில் 1954 மார்ச் 13-ல் பிறந்தவர். இடது கை பேட்டர், தாடிக்காரர், முதல் பேஸில் நின்று ஃபீல்டிங் செய்வார். 1983-ல் ஜப்பானின் ஹான்ஷின் டைகர்ஸ் அணியில் சேர்ந்து 1988 வரை ஆடினார். 614 ஆட்டங்களில் 202 ஹோம் ரன், 486 ஆர்பிஐ, சராசரி 0.337.

மொத்த ஹோம் ரன் கணக்கைப் பார்த்தால் ஜப்பானில் ஆடிய அமெரிக்கர்களில் டஃபி ரோட்ஸ்தான் முதலிடம். அவர் 464 அடித்தவர். ஆனால் ஒரு ஊரே ஒரு வெளிநாட்டு வீரரைத் தன் வீட்டுப் பிள்ளையாக எடுத்துக்கொண்டது என்றால் அது பாஸ் விஷயத்தில்தான். இந்தப் பக்கம் அவரைப் பற்றி மட்டும் இருப்பதற்கு அதுதான் காரணம்.

எனக்கு பேஸ்பாலே தெரியாது. இந்த எண்களை எப்படிப் படிப்பது?

நான்கு விஷயம் தெரிந்தால் போதும்.

ஹோம் ரன் நம் சிக்ஸர் மாதிரி, வேலிக்கு அப்பால் போய் விழும் அடி. ஆனால் சிக்ஸரைவிட ரொம்ப அரிது. ஒரு சீசனில் 30 அடித்தாலே பெரிய பேட்டர் என்பார்கள். ஆர்பிஐ என்பது ஒருவர் அடித்த அடியால் சக வீரர்களும் அவருமாக ஓடி முடித்த ரன்களின் எண்ணிக்கை. சராசரி என்பது பத்து முறை ஆட வந்தால் எத்தனை முறை ஹிட் அடிக்கிறார் என்ற கணக்கு. மூன்று முறை என்றால் 0.300, அதுவே மரியாதையான எண். ஒரே வருடத்தில் இந்த மூன்றிலும் லீகில் முதலிடம் பிடித்தால் டிரிபிள் கிரவுன்.

நான்காவது, வாக். பந்து போடும் பிட்சர் நான்கு பந்துகளை ஸ்டிரைக் பகுதிக்கு, அதாவது பேட்டர் அடிக்கத் தோதான பகுதிக்கு, வெளியே போட்டுவிட்டால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு (ரன் எடுக்க ஓடிச் சேர வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) நடந்து போகலாம். பயமுறுத்தும் பேட்டர் வந்தால் வேண்டுமென்றே அப்படிப் போடுவதும் உண்டு. கிரிக்கெட்டில் ஒருவர் சதமடிக்கக் கூடாது என்பதற்காகவே வைடாகப் போட்டுக்கொண்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இது கீழே முக்கியமாக வரும்.

ஜப்பானில் சென்ட்ரல், பசிபிக் என்று இரண்டு லீக், ஒவ்வொன்றிலும் ஆறு அணிகள். ஹான்ஷின் சென்ட்ரல் லீக் அணி. பாஸ் காலத்தில் இரு லீகின் சாம்பியன்களும் கடைசியில் மோதியது ஜப்பான் சீரிஸ்.

அமெரிக்காவில் சரியாக ஆடாதவர்தானே?

அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீக் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1977 முதல் 1982 வரை மினசோட்டா, கான்சஸ் சிட்டி, மாண்ட்ரியல், சான் டியேகோ, டெக்சஸ் என்று ஐந்து அணிகள். சராசரி 0.212, ஹோம் ரன் 9. ஆனால் அந்த ஆறு வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஆட்டங்கள் மொத்தமே 130. ஜப்பானில் அப்போது ஒரு சீசனுக்கே 130 ஆட்டம்!

மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே, டென்வர் அணிக்கு 1980-ல் ஆடியபோது 37 ஹோம் ரன், 143 ஆர்பிஐ, சராசரி 0.333. அந்த லீகின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். என்னைக் கேட்டால், அவரிடம் திறமைக் குறை இருந்ததாகச் சொல்ல மாட்டேன். தினமும் களமிறங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. கீழே கொட்டி அடித்தும் மேலே பெஞ்சில் உட்கார்ந்தே வயதான பேட்டர்கள் அமெரிக்காவில் எத்தனையோ பேர். அவர்களில் சிலருக்கு ஜப்பான் இரண்டாவது கதவைத் திறந்துவிட்டது.

ஜப்பானில் அவர் பெயரை ஏன் நீட்டிச் சொல்கிறார்கள்?

தமிழ் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம், குறில் நெடில் விவகாரம்தான். ஜப்பானியத்தில் பேருந்துக்கும் ஆங்கிலத்திலிருந்து எடுத்த ‘பஸு’ என்ற சொல்தான். பாஸ் என்ற பெயரை அவர்கள் வழக்கப்படி எழுதினாலும் அதே ‘பஸு’ வந்து நிற்கும். ஹான்ஷின் அணியின் சொந்தக்காரர் ஹான்ஷின் மின்ரயில் நிறுவனம். அது பேருந்துகளும் ஓட்டியது. பாஸ் ஒருநாள் சரியாக ஆடாவிட்டால் ‘ஹான்ஷின் பஸ் படுத்துவிட்டது’ என்று மறுநாள் பத்திரிகையில் தலைப்பு வரும் அல்லவா? அதனால் அணியே குறிலை நெடிலாக்கி ‘பாஸு’ என்று பதிவு செய்துவிட்டது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. இன்றும் ஜப்பானில் அவர் பாஸுதான்.

கோஷியென் மைதானம் இடது கை பேட்டருக்கு ஆகாது என்கிறார்களே?

உண்மைதான், அங்கேதான் பாஸின் மூளை தெரிகிறது. கோஷியென் 1924-ல் கட்டப்பட்ட மைதானம். ஒசாகா அணி என்று நாம் சொன்னாலும் அது இருப்பது பக்கத்து ஹியோகோ மாநிலத்து நிஷினோமியாவில், கடலுக்கு அருகில். கடல் பக்கத்திலிருந்து ‘ஹமகாஸே’ என்ற காற்று வலது ஃபீல்டிலிருந்து இடது பக்கமாக வீசும். இடது கை பேட்டர் பலமாக இழுத்து அடித்தால் பந்து இயல்பாகப் போவது வலது ஃபீல்டுக்கு. நல்லா அடிபட்ட பந்து மேலே போய், காற்றில் முட்டி, ஃபீல்டர் கையில் வந்து விழும்.

பாஸ் காற்றோடு சண்டை போடவில்லை. வெளிப்பக்கம் வரும் பந்தை இன்னும் கொஞ்சம் உள்ளே வரவிட்டு, இடது ஃபீல்டுக்குத் தூக்கப் பழகினார். அப்புறம் அதே காற்று அவருக்கு வேலைக்காரன் ஆகிவிட்டது. 1983-ல் சராசரி 0.288, ஹோம் ரன் 35. அடுத்த வருடம் ஹோம் ரன் 27 ஆகக் குறைந்தது, சராசரி 0.326-க்கு ஏறியது.

அந்தக் காலத்தில் கோஷியென் வேலிக்கு உட்புறம் இன்னொரு வேலி போட்டு ‘லக்கி ஸோன்’ என்று வைத்திருந்தார்கள், பந்து அங்கே விழுந்தாலும் ஹோம் ரன்தான். 1991 சீசனோடு அதை எடுத்துவிட்டார்கள். அதனால் பாஸின் எண்களில் கழிவு போட வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். அதே வேலிக்கு எதிரே எல்லா அணிகளும்தான் ஆடின. தவிர, ஆகஸ்ட் வந்தால் பள்ளி மாணவர் தேசியப் போட்டிக்காக டைகர்ஸ் தன் சொந்த மைதானத்தையே காலி செய்துவிட்டு வாரக்கணக்கில் வெளியூர் சுற்ற வேண்டியிருந்தது. ரசிகர்கள் அதற்கு வைத்த பெயர் ‘சாவுப் பயணம்’.

1985 ஏப்ரல் 17 அன்று என்ன நடந்தது?

கோஷியென், எதிரே டோக்கியோவின் யோமியுரி ஜெயண்ட்ஸ். ஒசாகாக்காரர்களுக்கு டோக்கியோ என்றாலே ஆகாது, அதிலும் ஜெயண்ட்ஸ் என்றால் கேட்கவே வேண்டாம். ஏழாவது இன்னிங்ஸில் டைகர்ஸ் 1-3 என்று பின்தங்கியிருந்தது. பிட்சர் மகிஹாரா ஹிரோமி, வேகத்துக்குப் பெயர்போன இளைஞர். பேஸில் இரண்டு பேர் நிற்க, அந்த சீசனில் அதுவரை ஒரு ஹோம் ரன்கூட அடிக்காத பாஸ் வந்தார். பந்து நடு ஃபீல்டுக்குப் பின்னால் இருக்கும் கருப்புத் திரை (பேக்ஸ்கிரீன்) பக்கம் போய் விழுந்தது. மூன்று ரன், 4-3.

அடுத்து வந்த ககேஃபு மசாயுகியும் அதே திசையில் ஒன்று. அவருக்குப் பின்னால் வந்த ஒகாடா அகினோபுவும் ஒன்று. மூன்று பேட்டர், ஒரே பிட்சர், வரிசையாக மூன்று ஹோம் ரன். 6-5 என்று ஆட்டம் முடிந்தது. ‘பேக்ஸ்கிரீன் மூன்று’ என்றால் இன்றைக்கும் ஹான்ஷின் ரசிகர்களுக்கு விளக்கம் தேவையில்லை, அப்போது பிறக்காதவர்களுக்கும்கூட.

அந்த வருடம் முழுவதும் இப்படியேவா?

அடியைப் பொறுத்தவரை, ஆம். அணியாக 219 ஹோம் ரன்: பாஸ் 54, ககேஃபு 40, ஒகாடா 35, மயூமி 34. ஆனால் நடுவில் ஒரு பெரிய துக்கம். ஆகஸ்ட் 12-ல் டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குக் கிளம்பிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் ஹான்ஷின் அணியின் தலைவர் நகானோ ஹஜிமு. அணி துவண்டுபோய் தொடர்ந்து தோற்றது. அங்கிருந்து எழுந்துதான் அக்டோபர் 16-ல், டோக்கியோ ஜிங்கு மைதானத்தில் யாகுல்ட்டுடன் 5-5 என்று சமன் செய்து, 21 வருடத்துக்குப் பின் லீக் பட்டத்தைப் பிடித்தார்கள்.

ஜப்பான் சீரிஸில் எதிரணி செய்பு லயன்ஸ். முதல் மூன்று ஆட்டத்திலும் பாஸ் ஆட்டத்துக்கொரு ஹோம் ரன் அடித்தார். 4-2 என்று தொடரை வென்றார்கள். சீரிஸின் சிறந்த வீரர் பாஸ். 1935-ல் தொடங்கிய ஹான்ஷினுக்கு அதுதான் முதல் ஜப்பான் சீரிஸ் கோப்பை.

55-வது ஹோம் ரன்னை அடிக்கவிடாமல் தடுத்தார்களாமே?

தடுத்தார்கள். இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சீசனில் 55 என்பது ஜெயண்ட்ஸ் பேட்டர் ஓ சதஹாரு 1964-ல் வைத்த சாதனை. 1985-ல் இரண்டு ஆட்டம் மீதியிருக்கும்போது பாஸ் 54-ல் நின்றார். அந்த இரண்டு ஆட்டமும் ஜெயண்ட்ஸுக்கு எதிராக. ஜெயண்ட்ஸின் மேலாளர், அதாவது களத்தில் அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர், அப்போது யார்? அதே ஓ.

பட்டம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, ஆட்டத்தின் முடிவால் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை. இருந்தும் கடைசி ஆட்டத்தில் பாஸுக்குப் பந்தே கிடைக்கவில்லை. ஐந்து முறை வந்தார், நான்கு முறை வாக். ஒரே ஒரு முறை, எட்டாத தூரத்தில் போன பந்தை உடம்பை வளைத்துக் கையை நீட்டித் தட்டி ஒரு சிங்கிள் எடுத்தார். அதற்கு முந்தைய ஆட்டத்தில் எகாவா சுகுரு என்ற பிட்சர் மட்டும் நேருக்கு நேர் போட்டார். அவருக்கு அந்த மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

தான் அப்படி உத்தரவிடவில்லை என்றார் ஓ. அப்போது ஜெயண்ட்ஸில் இருந்த அமெரிக்கப் பிட்சர் கீத் காம்ஸ்டாக் பின்னாளில், பாஸுக்குப் போடும் ஒவ்வொரு ஸ்டிரைக்குக்கும் 1,000 டாலர் அபராதம் என்று பயிற்சியாளர் ஒருவர் மிரட்டியதாகச் சொன்னார். எனக்கு இதில் வலிக்கிற இடம் வேறு. ஓவின் தந்தை சீனர். அவரும் ஜப்பான் குடியுரிமை இல்லாமலே ஆடி, 868 ஹோம் ரன் அடித்து, அந்த நாட்டின் நாயகன் ஆனவர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் அணியே இதைச் செய்தது.

அதோடு முடியவும் இல்லை. 2001-ல் ரோட்ஸ் 55-ஐத் தொட்டார். அப்போது ஓ மேலாளராக இருந்த டாய்யே ஹாக்ஸ் அவருக்கும் வாக் கொடுத்தது. அந்த அணியின் பயிற்சியாளர் ஒருவர், ஓவின் சாதனையை ஒரு வெளிநாட்டவர் முறியடிப்பதைப் பார்க்கப் பிடிக்காது என்று வெளிப்படையாகவே பேசினார். 2002-ல் வெனிசுவேலாவின் அலெக்ஸ் கப்ரேராவும் 55-லேயே நின்றார். கடைசியில் 2013-ல் யாகுல்ட்டின் விளாதிமிர் பாலென்டியன் 60 அடித்து அந்தச் சுவரை இடித்தார். அவருடைய 56-வது வந்தது யாருக்கு எதிராக? ஹான்ஷினுக்கு எதிராக. அவர்கள் ஒதுங்கிப் போகாமல் பந்து போட்டார்கள்.

அப்படியானால் 54 தான் அவருடைய உச்சமா?

என் கணக்கில் இல்லை. 54-ஐச் சுற்றிக் கதை இருப்பதால் அது நிலைத்துவிட்டது. ஆட்டமாகப் பார்த்தால் 1986 அதைவிடப் பெரிய வருடம். சராசரி 0.389, ஹோம் ரன் 47, ஆர்பிஐ 109. 1985-ஐப் போலவே மறுபடியும் டிரிபிள் கிரவுன், தொடர்ந்து இரண்டாவது முறை.

0.389 ஜப்பான் பேஸ்பால் வரலாற்றிலேயே ஒரு சீசனின் அதிகபட்ச சராசரி, இன்றுவரை. ஜப்பானிய நட்சத்திரம் இச்சிரோ 2000-ல் 0.387 வரை வந்து நின்றுவிட்டார். ஹோம் ரன் அடிப்பவர்கள் பொதுவாக விசிறி அடிப்பார்கள், அதனால் சராசரி அடிவாங்கும். இவர் 47 அடித்துக்கொண்டே பத்துக்கு ஏறக்குறைய நான்கு முறை ஹிட் அடித்திருக்கிறார். அதே வருடம் தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் ஹோம் ரன் அடித்து ஓவின் இன்னொரு சாதனையைச் சமன் செய்தார். ஏழாவது, அதே எகாவாவின் பந்தில். தொடர்ந்து 13 ஆட்டங்களில் ஆர்பிஐ என்பதும் அந்த வருடத்தியதுதான்.

ஒரு தகவல்: 1985, 1986 இரண்டு வருடமும் பசிபிக் லீகில் ஒச்சியாய் ஹிரோமிட்சுவும் டிரிபிள் கிரவுன் எடுத்தார். வெளிநாட்டு வீரர்களில் அதை முதலில் எடுத்தவர் பாஸ் அல்ல, 1984-ல் ஹான்க்யூ அணியின் பூமர் வெல்ஸ்.

‘கடவுளே, புத்தரே, பாஸே’ என்பது என்ன?

ரசிகர்கள் வேண்டிக்கொள்ளும் பாணியில் உண்டான ஒரு வரி: கமிசாமா, ஹொதோகெசாமா, பாஸுசாமா. ‘சாமா’ என்பது உயர்ந்த மரியாதைக்கான விகுதி. இது முதலில் பாஸுக்காக உண்டானதல்ல. 1958 ஜப்பான் சீரிஸில் நிஷிடெட்சு லயன்ஸ் முதல் மூன்று ஆட்டம் தோற்று, அடுத்த நான்கையும் வென்றது. அந்த நான்கிலும் வெற்றி பெற்ற பிட்சர் இனாவோ கசுஹிசா. அவருக்குச் சொன்ன வரியை எடுத்து, 1985-ல் ஓர் அமெரிக்கருக்குச் சூட்டினார்கள்.

வெளிநாட்டு வீரர்களை அங்கே ‘சுகெட்டோ’ என்பார்கள், உதவிக்கு வந்த ஆள் என்று பொருள். அன்பாகவும் சொல்வார்கள், ‘வேலை முடிந்தால் கிளம்பு’ என்ற தொனியும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாஸ் அந்தச் சொல்லுக்குள் அடங்காமல் போனதற்கு எண்கள் மட்டும் காரணமில்லை. உடை மாற்றும் அறையில் சக வீரர் கவாட்டோ கோசோவுடன் ஷோகி ஆடுவார். ஷோகி ஜப்பானியச் சதுரங்கம். காய்களின் மேல் சித்திர எழுத்துகளில்தான் பெயர் எழுதியிருக்கும். ஓக்லஹோமாவிலிருந்து வந்த மனிதர் அந்த எழுத்துகளைப் பார்த்துக் காய் நகர்த்த உட்காருகிறார் என்றால் சக வீரர்கள் எப்படி நெருங்காமல் இருப்பார்கள்?

கர்னல் சாண்டர்ஸ் சிலையைக் கால்வாயில் போட்டது உண்மையா?

உண்மை. 1985-ல் பட்டம் வென்ற இரவு, ஒசாகாவின் டோட்டோன்போரி கால்வாய்மேல் இருக்கும் எபிசு பாலத்தில் கூட்டம் கூடியது. ஒவ்வொரு வீரரின் பெயராகக் கத்த, அந்த வீரரின் சாயல் உள்ள ரசிகர் தண்ணீரில் குதிக்க வேண்டும். பாஸின் முறை வந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரருக்கு அந்தக் கூட்டத்தில் எங்கே போவது? பக்கத்து கேஎஃப்சி கடை வாசலில் நின்ற சிலையைத் தூக்கி வந்து உள்ளே போட்டார்கள்.

அப்புறம் ஹான்ஷின் சரிந்தது. 1987 முதல் 2001 வரையிலான 15 சீசனில் 10 முறை கடைசி இடம். ‘கர்னலின் சாபம்’ என்று பேச்சு பரவியது. 2003, 2005, 2014 என மூன்று முறை ஜப்பான் சீரிஸ் வரை போயும் தோல்வி. 2005-ல் நான்கு ஆட்டத்தையும் சேர்த்து ரன் கணக்கு 4-33. 2009 மார்ச்சில் கால்வாய்ப் பணியின்போது சேற்றிலிருந்து ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. முதலில் பீப்பாய் என்று நினைத்தார்கள், அப்புறம் பிணமோ என்று பயந்தார்கள். கடைசியில் வெளிவந்தது 24 வருடம் தண்ணீருக்குள் கிடந்த கர்னலின் மேல் பாதி. மறுநாள் கால் பகுதியும் வலது கையும் கிடைத்தன. இடது கையும் கண்ணாடியும் கிடைக்கவில்லை.

நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் 1988-ல் ஏன் போனார்?

மகனுக்காக. எட்டு வயதுப் பையனுக்கு மூளையில் கட்டி என்று தெரிந்ததும் சீசன் நடுவில், மே மாதம், சிகிச்சைக்காக அமெரிக்கா போனார். அந்த சீசனில் ஆடியது 22 ஆட்டம்தான். குடும்பத்தின் மருத்துவச் செலவை அணி ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் திரும்பும் தேதியிலும் இந்தச் செலவிலும் பிணக்கு வந்து, ஜூனில் ஹான்ஷின் அவரை விடுவித்தது. இரு தரப்புக்கும் நடுவில் பேசிக்கொண்டிருந்த அணி நிர்வாகி ஜூலையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த மரணத்தைத் தாண்டி இந்த விவகாரத்தை யார் சரி, யார் தவறு என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை. மகன் பிழைத்துக்கொண்டான். பாஸ் அதன்பின் எந்த அணிக்கும் ஆடவில்லை. அப்போது அவருக்கு 34 வயது.

காலியான இடத்துக்கு 1989-ல் ஹான்ஷின் எடுத்தது செசில் ஃபீல்டர் என்ற இன்னொரு அமெரிக்கரை. ஒரே சீசனில் 38 அடித்துவிட்டு டெட்ராய்ட் போய், 1990-ல் மேஜர் லீகில் 51 அடித்தார்.

பின்னாளில் என்ன செய்தார்?

ஓக்லஹோமாவுக்குத் திரும்பி, 2004-ல் ஜனநாயகக் கட்சி சார்பில் மாநில செனட்டுக்குத் தேர்வாகி, 2018 வரை பதவியில் இருந்தார். ஜப்பானுடன் தொடர்பு விடவில்லை. 2023 ஜனவரியில் ஜப்பான் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது, வெனிசுவேலாவின் அலெக்ஸ் ராமிரெஸுடன். 1986-க்குப் பின் 37 வருடம் காக்க வைத்தது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அதே வருடம் நவம்பர் 5-ல் ஓரிக்ஸை 4-3 என்று தோற்கடித்து ஹான்ஷின் இரண்டாவது முறையாக ஜப்பான் சீரிஸை வென்றது. மேலாளர், ‘பேக்ஸ்கிரீன் மூன்று’ இரவில் மூன்றாவதாக அடித்த அதே ஒகாடா. அடுத்த மார்ச்சில், சிதைந்துபோன கர்னல் சிலைக்குச் சடங்கு செய்து அப்புறப்படுத்திவிட்டதாக கேஎஃப்சி ஜப்பான் அறிவித்தது.

அவருடைய 44-ம் எண்ணை ஓய்வு கொடுத்து வைத்திருக்கிறார்களா?

இல்லை. ஹான்ஷின் ஓய்வு கொடுத்த எண்கள் 10, 11, 23 மட்டும். 23, பாஸ் காலத்து மேலாளர் யோஷிதா யோஷியோவின் எண். கேட்சர் உமெனோ ரியூதாரோ பல வருடம் 44 போட்டுக்கொண்டு கோஷியெனில் ஆடினார்.